கண், காது, மூக்கு

பிர்னோவில் அந்தக் குளிர்காலம்
எங்களிடம் இருந்தது ஒரே ஓர் உளி.
லினோலியத் தகட்டை அடுப்பருகே வைத்து இளக்கி
போஹுமிலா எல்ஃபுகளைச் செதுக்கினாள்.
உளிக்கு வாய் அகலம்.
மயிரிழையெல்லாம் அதனிடம் கேட்க முடியாது.
ஆகவே எங்கள் எல்ஃபுகளுக்குத் தலையில் முடி இல்லை.
கழுத்து வெட்டிய மரத்தின் தூர்,
விரல்கள் மண்வெட்டிக் காம்பு.

நான் விதிகளை எழுதுகிறவன்.
படம் முதலில் வரும்,
காரணம் பின்னால் மூச்சிரைக்க ஓடிவரும்.
'மூவாயிரம் ஆண்டுக்கு முன் எரிந்துபோன காட்டுக்காக
இன்னும் தலை மழித்துத் துக்கம் காப்பவர்கள்'
என்று எழுதினேன்.
படித்துவிட்டுச் சிரித்தாள்:
உளிக்கு நல்ல வக்கீல் நீ.

ஓர்க்குகள் எங்களிடம் பச்சை இல்லை.
அச்சகத்தில் மிச்சம் கிடந்தது
யாருடைய ஜாம் புட்டி லேபிளுக்கோ கலக்கிய
பிளம் பழ நிறம்.
சரி, ஊதா.
இடது கண்ணுக்குக் கீழே உளி ஒருமுறை வழுக்கியது.
புதுத் தகடு வாங்கக் காசில்லை.
அந்த வழுக்கலுக்கு நான் நாலு பக்கம் எழுதினேன்:
சத்தியம் தவறிய குலத்தின் தழும்பு,
பிறக்கிற குழந்தைக்கும் உண்டு,
சந்தையில் பேரம் பேசினால் இரண்டு புள்ளி குறையும்.

செவ்வாய்தோறும் மாணவர் விடுதி நிலவறையில்
ராதிம் அந்த ஊதா ஓர்க்காக உட்கார்வான்.
பகடை உருட்டும் முன்
தன் இடது கண்ணின் கீழே
விரலால் ஒரு கோடு இழுத்துக்கொள்வான்.
யாரும் சொல்லித்தரவில்லை.

இரண்டாம் பதிப்புக்கு
ப்ராட்டிஸ்லாவாவிலிருந்து
காற்றுத் தூரிகையோடு மரியான் வந்தான்.
அவனுக்கு எண்ணெய் பூசிய தோள்கள் பிடிக்கும்,
பின்னாலிருந்து அடிக்கும் வெளிச்சம் பிடிக்கும்.
எல்ஃபுகளுக்கு ஒரே இரவில் இடுப்புவரை கூந்தல்.
குள்ளர்களுக்கே இடுப்பு வந்துவிட்டது.
'காடு மீண்டும் துளிர்த்தது' என்று எழுதினேன்.
வேறென்ன எழுத?

கணினியில் விளையாட்டு வந்தபோது
ஒரு முகத்துக்கு அறுபத்து நான்கு கட்டம்தான் தந்தார்கள்.
தாடிக்கே பாதி போயிற்று.
கண் இரண்டு, வாய் மூன்று,
மூக்குக்கு இடமில்லை.
குள்ளர்களின் மோப்பத் திறனை
அந்த ஆண்டுதான் நீக்கினேன்.

ஒசாகாவில் படித்துத் திரும்பிய எவெலீனா
காதுகளை நீட்டினாள்,
சட்டகம் தாண்டி,
பக்க எண்ணைத் தொடுகிறவரை.
காதும் காதும் வைத்தாற்போல் ஒன்று பேச
இனி அவர்களால் ஆகாது,
குத்திக்கொள்ளும்.
அதுவும் விதியாயிற்று:
எல்ஃபுகள் ரகசியம் காப்பதில்லை.

போன மாதம் ஏழாம் பதிப்பு.
திரையிலேயே தீட்டியது, கண்ணாடிபோல் தாள்.
எல்லா இனமும் மூக்கும் முழியுமாக,
எல்லோருக்கும் அதே கன்ன எலும்பு, அதே தோல்வார்,
ஒரே ஜிம்முக்குப் போய்வந்தவர்கள்போல.
ஓர்க் சாம்பல் நிறம்.
தழும்பைப் பற்றி அந்த ஓவியரிடம் சொல்ல
எல்லோரும் மறந்திருந்தோம்.

ராதிமுக்கு ஐம்பத்தொரு வயது.
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
பக்கத்தை முகத்தருகே கொண்டுபோனான்.
'யார் இது?'

நான் வாயைத் திறந்தேன்.
சத்தியம் நிறைவேறியது, சாபம் தீர்ந்தது,
ஏரியில் குளித்து எழுந்தார்கள்...
கண் காது மூக்கு வைத்துச் சொல்ல
முப்பது வருடப் பழக்கம்.

அவன் காதில் வாங்கவில்லை.
சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து
இடது கண்ணுக்குக் கீழே இழுத்தான்.
வழவழத் தாளில் மை ஒட்டவில்லை.
இன்னும் அழுத்தினான்.
நிறமே இல்லாமல் ஒரு பள்ளம் விழுந்தது,
விளக்கில் சாய்த்துப் பிடித்தால் தெரியும்.

அதற்கு நான் இன்னும்
ஒன்றும் எழுதவில்லை.